பெங்களூர் டிபன் கடைக்குத் தொடுதிரை ஆர்டர்: தோசைக்கல்லில் தொடங்கும் முழுமையான வழிகாட்டி

பெங்களூர்க்காரர்களுக்குச் சுயசேவை பழகிப்போன விஷயம். 1980-களில் ஜெயநகர் பக்கம் ஆரம்பித்த தர்ஷினி என்கிற சுயசேவை டிபன் கடைகள் ஊர் முழுக்கப் பரவின. கல்லாவில் காசு கொடுத்துச் சீட்டு வாங்கி, கவுன்டரில் நீட்டி, தட்டை வாங்கிக்கொண்டு நின்றபடியே சாப்பிடுவது இங்கே இரண்டு தலைமுறைப் பழக்கம். ஆகவே அல்சூரிலோ சிவாஜிநகரிலோ எலக்ட்ரானிக் சிட்டியிலோ டிபன் கடையும் மெஸ்ஸும் நடத்தும் நம்மவர்கள், "திரை வைத்தால் ஜனங்கள் ஒத்துக்கொள்வார்களா?" என்று தயங்க வேண்டியதில்லை. தாராளமாக ஒத்துக்கொள்வார்கள். அவர்கள் அரை நிமிஷத்தில் அழுத்திவிடும் ஆர்டரை உங்கள் அடுப்பு எத்தனை நிமிஷத்தில் இறக்கும் என்பதுதான் கேள்வி.

திரை விற்க வருகிறவர்கள் திரையைக் காட்டித்தான் பேச்சை ஆரம்பிப்பார்கள். நாம் அடுப்பிலிருந்து ஆரம்பிப்போம்.

முதல் படி: அடுப்பைக் கணக்கெடுங்கள்

எந்தக் கம்பெனியையும் கூப்பிடுவதற்கு முன்னால், ஒரு வாரம் காலை 8 மணியிலிருந்து 10 மணி வரை ஒரு ஆளை நோட்டும் பேனாவுமாகச் சமையலறையில் நிறுத்துங்கள். கல்லில் ஒரே சமயத்தில் எத்தனை தோசை விழுகிறது, தண்ணீர் தெளித்துத் துடைப்பதிலிருந்து மடித்துத் தட்டில் வைப்பது வரை ஒரு சுற்றுக்கு எவ்வளவு நேரம் ஆகிறது, இட்லி ஒரு ஈடு இறங்க எவ்வளவு நேரம் ஆகிறது, வடை எத்தனை மணிக்குத் தீர்கிறது என்று எழுதச் சொல்லுங்கள். மாஸ்டரைக் கேட்டால் "அதெல்லாம் சமாளிச்சுக்கலாம்" என்பார். அவர் சமாளிப்பார் என்பது உண்மைதான். ஆனால் நமக்கு வேண்டியது எண்.

உதாரணத்துக்கு ஒரு கணக்கு. கல்லில் ஒரு சுற்றுக்கு 6 தோசை, ஒரு சுற்றுக்கு 4 நிமிஷம் என்று வைத்துக்கொள்வோம். மணிக்கு 90 தோசை. கல்லாவில் ஒருவர் உட்கார்ந்து ஆளுக்கு அரை நிமிஷமாகச் சீட்டுப் போடும்போது 10 நிமிஷத்தில் 20 பேர்தான் உள்ளே வர முடியும். அதில் பாதிப் பேர் இட்லி, பொங்கல் என்று போய்விடுவார்கள். கல் தாக்குப்பிடித்துவிடும். இப்போது இரண்டு திரையும், போனில் ஸ்கேன் செய்து ஆர்டர் போட மேஜைக்கு மேஜை க்யூஆரும் வைத்துவிட்டீர்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் 10 நிமிஷத்தில் 60 தோசைக்கு ஆர்டர் விழுகிறது. 60 தோசை என்றால் 10 சுற்று, அதாவது 40 நிமிஷம். கடைசித் தோசைக்காரர் ஏற்கெனவே பணம் கட்டியவர். வரிசையில் நிற்கும்போது பொறுமையாக இருந்த அதே மனிதர், பணம் கட்டிவிட்டு நிற்கும்போது பொறுமையாக இருக்க மாட்டார். அது நியாயமும் கூட.

கல்லாவுக்கு முன்னால் இருந்த வரிசை தொல்லையாகத் தெரிந்தாலும், அதுதான் வாய்க்கால் மடை போல இத்தனை நாளும் சமையலறைக்குள் வரும் வெள்ளத்தைக் கட்டுப்படுத்தியது. திரை வைப்பது என்றால் அந்த மடையை எடுத்துவிடுவது. அதற்குப் பதிலாக வேறொரு கட்டுப்பாடு வைத்தே ஆக வேண்டும். மென்பொருள் வாங்கும்போது இந்த மூன்றும் இருக்கிறதா என்று கேளுங்கள்: ஒரு பண்டத்துக்கு 10 நிமிஷத்துக்கு இத்தனைதான் என்று உச்சவரம்பு வைக்கும் வசதி, திரையிலேயே காத்திருப்பு நேரம் காட்டும் வசதி, சமையலறையிலிருந்தே ஒரு பண்டத்தைத் தற்காலிகமாக நிறுத்தும் பொத்தான். "தோசை இப்போது 18 நிமிஷம், இட்லி உடனே" என்று திரை சொன்னால், ஆபீசுக்குக் கிளம்பிய ஆள் தானாகவே இட்லிப் பக்கம் போய்விடுவார். யாரும் யாரையும் திட்ட வேண்டியதில்லை. இந்த மூன்றும் இல்லாத மென்பொருளை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள்.

இரண்டாவது படி: உங்கள் கடைக்கு எது பொருந்தும்?

நின்று சாப்பிடும் கடை என்றால் வாசலுக்குப் பக்கத்தில் ஒன்றிரண்டு தொடுதிரை போதும். வந்தவர் அழுத்தி, பணம் கட்டி, டோக்கன் எடுத்துக்கொண்டு கவுன்டருக்குப் போவார். மேஜை க்யூஆர் அங்கே வேலைக்கு ஆகாது, மேஜையே யாருக்கும் சொந்தமில்லை.

உட்கார்ந்து சாப்பிடும் கடைக்கு மேஜை க்யூஆர் பொருந்தும். முக்கியமாக மாலை நேரத்தில். குடும்பமாக வந்து, முதலில் பரோட்டா, அப்புறம் இன்னொரு ஆம்லெட், அப்புறம் டீ என்று தவணை தவணையாகக் கேட்கிறவர்களுக்குச் சப்ளையரைத் தேடிக் கையசைக்கும் வேலை மிச்சம்.

அன்லிமிடெட் சாப்பாடு போடும் மெஸ்ஸுக்கு இது எதுவுமே வேண்டாம் என்பது என் கருத்து. இலை போட்டு, சாம்பார், வத்தக்குழம்பு, ரசம், மோர் என்று ஆள் வந்து கேட்டுக் கேட்டு ஊற்றும் இடத்தில் ஆர்டர் என்று ஒன்றே இல்லையே. டோக்கன் கொடுக்க ஒரு சின்னத் திரை இருந்தால் சரி. ஆம்லெட், மீன் வறுவல் போன்ற ஸ்பெஷல்களை அந்த டோக்கனிலேயே சேர்த்துக்கொள்ளலாம்.

தயக்கம் இருந்தால் கல்லாவிலேயே ஒரு டேப்லெட்டை வாடிக்கையாளர் பக்கம் திருப்பி வைத்து ஆரம்பியுங்கள். உங்கள் ஆள் அழுத்துவார், வாங்குகிறவர் பார்த்துச் சரி சொல்வார். செலவு குறைவு, மெனுவில் இருக்கும் கோளாறுகளும் இதிலேயே வெளியே வந்துவிடும்.

செலவு மூன்று வகை: எந்திரம், மென்பொருளுக்கு மாதாமாதமோ வருஷத்துக்கொரு முறையோ கட்டும் சந்தா, பணப் பரிமாற்றத்தில் பிடிக்கும் கழிவு, அதாவது கமிஷன். மூன்றையும் தனித்தனியாக எழுத்தில் வாங்குங்கள். "எல்லாம் சேர்த்து இவ்வளவு" என்று ஒரே தொகை சொல்பவரிடம் மூன்றாவதை மறுபடியும் கேளுங்கள்.

மூன்றாவது படி: மெனுவைத் திரைக்காகத் திரும்ப எழுதுங்கள்

சுவரில் இருக்கும் பலகையை அப்படியே திரையில் ஏற்றுவது நடக்கிற காரியமில்லை. பலகையைப் பார்த்துக் குழம்பினால் கல்லாவில் இருப்பவரைக் கேட்கலாம், அவர் சொல்வார். திரை எதுவும் சொல்லாது. "செட்" என்று மட்டும் போட்டிருந்தால் எத்தனை தோசை, தொட்டுக்கொள்ள என்ன என்று புதிதாக வந்தவருக்கு எப்படித் தெரியும்? "செட் தோசை, 3, சாகுவுடன்" என்று முழுசாக எழுதுங்கள்.

முதல் மொழி கன்னடமாக இருக்கட்டும். கடைப் பெயர்ப்பலகையில் 60 சதவீதம் கன்னடம் இருக்க வேண்டும் என்று 2024-இல் சட்டமே வந்துவிட்டது. அது பலகைக்கான சட்டம்தான், ஆனால் உள்ளூர்க்காரர் நம் கடைக்கு வந்து தன் மொழியைத் திரையில் தேடும்படி வைப்பது மரியாதையாக இருக்காது. அப்புறம் ஆங்கிலம், தமிழ், இந்தி. நாலும் இருந்தால் நல்லது. பெயர்களை அகராதி பார்த்து மாற்றாதீர்கள். நம் வெண்பொங்கலை இங்கே காரா பொங்கல் என்பார்கள், ரவா உப்புமாவைக் காரா பாத் என்பார்கள், கேசரி கேசரி பாத் ஆகிவிடும். காரா பாத்தும் கேசரி பாத்தும் ஒரே தட்டில் வந்தால் சௌ சௌ பாத். ஊர் சொல்வதை அப்படியே போடுங்கள். கடையில் வேலை செய்யும் கன்னடக்காரர் ஒருவரைத் திரை முன்னால் நிறுத்தி வாய்விட்டுப் படிக்கச் சொன்னால் பிழைகள் அங்கேயே தெரிந்துவிடும்.

படம் உங்கள் கடைத் தட்டின் படமாக இருக்க வேண்டும். இணையத்தில் எடுத்த நெய் ரோஸ்ட் இரண்டடி நீளத்தில் பளபளக்கும், வந்து சேர்வது வேறு மாதிரி இருக்கும். செல்போனில் ஜன்னல் வெளிச்சத்தில் எடுத்தால் போதும்.

"குறிப்பு எழுதவும்" என்று வெற்றுப் பெட்டி வைக்காதீர்கள். ஜனங்கள் அதில் கதையே எழுதுவார்கள், அவசரத்தில் மாஸ்டர் படிக்க மாட்டார். வெங்காயம் வேண்டாம், நெய் வேண்டாம், பொடி தூவி, முறுகலாக, சர்க்கரை இல்லாமல், சாம்பார் தனியாக என்று ஏழெட்டுப் பொத்தான் வைத்துவிட்டால் நூற்றுக்குத் தொண்ணூறு வேண்டுகோள் அதில் அடங்கிவிடும். "பார்சல்" பொத்தான் பெரிதாக, முதல் திரையிலேயே இருக்கட்டும். கடைசியில் கேட்டால் பாதிப் பேர் அழுத்த மறந்து, தட்டில் வந்தபிறகு பார்சல் கேட்பார்கள்.

நேரத்தையும் மெனுவோடு கட்டிவிடுங்கள். மாலை 4 மணிக்கு மேல்தான் ஆப்பம் என்றால் காலையில் ஆப்பம் திரையில் தெரியவே கூடாது. சைவமும் அசைவமும் ஒரே கடையில் இருந்தால் இரண்டையும் தனிப் பக்கங்களில் வைத்து, குறியும் போடுங்கள். பத்துக் கிளையோ அதற்கு மேலோ வளர்ந்துவிட்டால் கலோரி அளவும் காட்டியாக வேண்டும், 2022 ஜூலை முதல் அந்த விதி நடப்பில் இருக்கிறது.

நான்காவது படி: பணமும் வரியும்

யுபிஐ க்யூஆரில் இரண்டு வகை உண்டு. அட்டையில் அச்சடித்து ஒட்டுவது நிலையானது, தொகையை வாடிக்கையாளர் தானே போட வேண்டும். ஒவ்வொரு ஆர்டருக்கும் புதிதாகத் திரையில் தோன்றுவது மாறும் க்யூஆர், அதிலேயே தொகையும் ஆர்டர் எண்ணும் இருக்கும். சுயசேவைத் திரைக்கு இரண்டாவதுதான் வேண்டும். பணம் வந்து சேர்ந்ததும் வங்கிப் பக்கத்திலிருந்து உங்கள் மென்பொருளுக்குத் தகவல் வர வேண்டும், அதன் பிறகே டோக்கன் அச்சாக வேண்டும். வாடிக்கையாளர் தன் போனில் காட்டும் பச்சை டிக் குறியை நம்பித் தட்டைக் கொடுக்கும் வழக்கத்துக்கு இதோடு முற்றுப்புள்ளி வையுங்கள்.

சில சமயம் அவர் கணக்கில் பணம் கழிந்துவிடும், உங்களுக்கு உறுதி வராது. இப்படிக் கடைக்கு உறுதி வராமல் நின்றுபோன யுபிஐ பணம், பரிமாற்ற நாளிலிருந்து 5 நாளுக்குள் தானாகவே அவர் கணக்குக்குத் திரும்ப வேண்டும், தாமதமானால் நாளுக்கு 100 ரூபாய் இழப்பீடு என்று ரிசர்வ் வங்கி 2019-இல் விதித்திருக்கிறது. இதைக் கன்னடத்திலும் ஆங்கிலத்திலும் எழுதிக் கல்லாவில் ஒட்டிவிட்டால் பாதிச் சண்டை அடங்கும். மீதிப் பாதிக்கு என் யோசனை: தொகை சின்னதாக இருந்தால், முகம் தெரிந்தவராக இருந்தால், முதலில் சாப்பாட்டைக் கொடுத்துவிடுங்கள்.

2020 ஜனவரி முதல் யுபிஐ பரிமாற்றத்துக்கு வணிகரிடம் கழிவு பிடிப்பதில்லை என்பது அரசின் கொள்கை. ஆனால் திரைக்கும் வங்கிக்கும் நடுவில் நிற்கும் நிறுவனம் தன் சேவைக்கென்று தனியாகக் கட்டணம் கேட்கலாம். மேலே சொன்ன மூன்றாவது செலவு இதுதான்.

ரொக்கத்தை விட்டுவிடாதீர்கள். திரையில் "ரொக்கம்" என்று ஒரு பொத்தான் இருக்க வேண்டும். அழுத்தினால் டோக்கன் வரும், ஆனால் கல்லாவில் பணம் கட்டி முடியும்வரை ஆர்டர் சமையலறைக்குப் போகாது.

2025 ஜூலையில் கர்நாடக வணிகவரித் துறை, யுபிஐ வரவுகளை வைத்துச் சின்னக் கடைகளுக்கெல்லாம் நோட்டீஸ் அனுப்பியதும், ஊரில் பல பேக்கரிகளில் க்யூஆர் அட்டைகளைக் கழற்றிவிட்டு "ரொக்கம் மட்டும்" என்று எழுதி வைத்ததும் நினைவிருக்கும். பயம் புரிகிறது. ஆனால் விற்றுமுதல் என்பது ரொக்கத்தையும் சேர்த்துத்தான், அட்டையைக் கழற்றுவதால் எதுவும் மாறாது. ஹோட்டல் சாப்பாடு ஜிஎஸ்டியில் சேவைக் கணக்கில் வருவதால், வருஷ விற்றுமுதல் 20 லட்சத்தைத் தாண்டினாலே பதிவு செய்ய வேண்டும். சாதாரணப் பதிவு என்றால் பில்லில் 5 சதவீதம், அதாவது மத்திய வரி 2.5, மாநில வரி 2.5. சரக்கு வாங்கும்போது கட்டிய வரியைக் கழித்துக்கொள்ளும் உள்ளீட்டு வரி வரவு கிடையாது. விற்றுமுதல் 1.5 கோடி வரை இருப்பவர்கள் காம்போசிஷன் என்கிற, சின்னக் கடைகளுக்கான எளிய வரித் திட்டத்துக்குப் போகலாம். அதிலும் 5 சதவீதம்தான், ஆனால் அதை உங்கள் கையிலிருந்து கட்ட வேண்டும், வாடிக்கையாளரிடம் தனியாக வசூலிக்கக் கூடாது. இங்கேதான் திரை வம்பில் மாட்டிவிடும். எல்லா ஹோட்டலுக்கும் ஒரே அமைப்பில் மென்பொருளைக் கொடுத்துவிட்டால், காம்போசிஷன் கடையின் பில்லிலும் வரி தனியாக ஏறிவிடும். முதல் பில் அச்சானவுடன் அதை உங்கள் ஆடிட்டரிடம் காட்டி ஒப்புதல் வாங்குங்கள்.

பில்லில் 14 இலக்க உணவுப் பாதுகாப்பு உரிம எண் இருக்க வேண்டும், 2022 ஜனவரி முதல் இது கட்டாயம். சேவைக் கட்டணத்தைத் தானாகச் சேர்க்கும் பொத்தான் மென்பொருளில் இருந்தால் அணைத்துவிடுங்கள். தானாகச் சேர்க்கக் கூடாது என்று நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையில் சொன்னதை டெல்லி உயர்நீதிமன்றம் 2025 மார்ச்சில் உறுதி செய்துவிட்டது.

ஐந்தாவது படி: சீட்டு எங்கே, எந்த மொழியில் விழ வேண்டும்?

கேஓடி என்கிற சமையலறைச் சீட்டு ஒரே இடத்தில் விழுந்தால் ஒருவர் அதைக் கத்திக்கொண்டே இருக்க வேண்டும். தோசை, இட்லி-வடை, பரோட்டா, டீ-காபி என்று இடத்துக்கு ஒன்றாகப் பிரித்துவிடுங்கள். ஒரே டோக்கனில் தோசையும் காபியும் இருந்தால் காபிச் சீட்டு உடனே விழ வேண்டியதில்லை. தோசை தயார் என்று அழுத்திய பிறகு விழும்படி சில மென்பொருளில் அமைக்கலாம். ஆறிப்போன ஃபில்டர் காபியை யார் குடிப்பார்கள்?

தோசைக்கல் பக்கத்தில் பிரிண்டர் வைக்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். வழக்கமான பில் பிரிண்டர் மையில்லாமல் சூட்டினால் அச்சடிப்பது. அந்தக் காகிதத்தைக் கல்லின் விளிம்பில் வைத்தால் முழுக்கக் கறுத்துவிடும், எண்ணெய்க் கை பட்டால் எழுத்து மங்கிவிடும். மாஸ்டர் கையில் இருப்பது கறுப்புத் துண்டாகிவிட்டால், அடுத்து வருவது எந்த டோக்கன் என்று யாருக்கும் தெரியாது. பிரிண்டரைக் கல்லிலிருந்து ஒரு கை தூரம் தள்ளிச் சுவரில் மாட்டி, சீட்டைச் செருக ஒரு கம்பியோ கிளிப்போ கண் உயரத்தில் வையுங்கள். சூடு அதிகமான இடத்துக்கு ரிப்பன் வைத்த பழைய வகை டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டர் இன்றைக்கும் நன்றாக உழைக்கிறது. சத்தம் போடும், அதுவும் நல்லதுதான், சீட்டு வந்தது காதிலேயே தெரியும்.

சீட்டின் மொழி, திரையின் மொழியாக இருக்க வேண்டியதில்லை. தோசை மாஸ்டர் தமிழ் மட்டும் படிப்பவராக இருக்கலாம், டீ போடுபவர் ஒடியாக்காரராக இருக்கலாம். ஒவ்வொரு இடத்துக்கும் அங்கே நிற்பவர் படிக்கும் எழுத்தில் அச்சடிக்க முடியுமா என்று கேளுங்கள். முடியாது என்றால் எண் குறியீடு வையுங்கள்: 11 என்றால் சாதா, 12 மசாலா, 13 ஆனியன் ஊத்தப்பம். எண்ணிக்கையைப் பண்டத்தின் பெயரைவிடப் பெரிய எழுத்தில் போடுங்கள். சமையலறையில் தவறுவது பெரும்பாலும் பெயர் இல்லை, ஒன்றா இரண்டா என்பதுதான்.

ஆறாவது படி: கரண்ட், நெட், ஸ்டிக்கர்

ரௌட்டர், திரை, பிரிண்டர் மூன்றும் ஒரே யுபிஎஸ்ஸில் இருக்கட்டும். ரௌட்டரை விட்டுவிட்டால் கரண்ட் போகும்போது திரை எரியும், ஆர்டர் போகாது. இரண்டு வேறு கம்பெனி இணைப்பு வையுங்கள், இரண்டாவது ஒரு சிம் கார்டாக இருந்தாலும் போதும். நெட் இல்லாதபோதும் கடைக்குள்ளேயே சீட்டு விழ வேண்டும். விற்பவர் காட்டும்போது, அவர் கண்ணெதிரே ஒயரைப் பிடுங்கிவிட்டு ஒரு ஆர்டர் போட்டுப் பாருங்கள்.

மேஜை க்யூஆர் விஷயத்தில் பலரும் கோட்டைவிடும் இடம், அது எந்த முகவரிக்குப் போகிறது என்பது. மென்பொருள் கம்பெனியின் முகவரிக்கே நேராகப் போனால், நாளைக்குக் கம்பெனியை மாற்றும்போது எல்லா மேஜையின் அட்டையையும் உரித்தெடுக்க வேண்டும். உங்கள் கடைப் பெயரில் ஒரு இணைய முகவரி வாங்கி, க்யூஆரை அதற்குப் போகும்படி அச்சடித்து, அங்கிருந்து கம்பெனிக்குத் திருப்பிவிடுங்கள். அச்சடிக்கும்போது பிழைதிருத்த அளவை உச்சத்தில், அதாவது எச் நிலையில் வைக்கச் சொல்லுங்கள். சுமார் 30 சதவீதம் வரை கீறலோ கறையோ விழுந்தாலும் போன் படித்துவிடும். சாம்பார் சிந்தும் மேஜைக்கு அது அவசியம்.

மேஜை க்யூஆரைப் படமெடுத்துக்கொண்டு போய் வீட்டிலிருந்து விளையாட்டாக ஆர்டர் போடுபவர்களும் உண்டு. முன்பணம் கட்டும் முறை வைத்தால் இந்தத் தொல்லை இல்லை. பணம் பெறும் க்யூஆர் மேல் வேறொருவர் தன் ஸ்டிக்கரை ஒட்டிவிட்டுப் போவது விளையாட்டில்லை, அது திருட்டு. கடை திறக்கும்போது ஒவ்வொரு அட்டையையும் விரலால் தடவிப் பார்ப்பதை ஒருவரின் அன்றாட வேலையாக்குங்கள்.

ஏழாவது படி: ஆட்கள்

திரை வருகிறது என்றதும் சப்ளையர்கள் முகம் வாடிவிடும். ஆர்டர் எடுக்கும் நேரம் மிச்சமானால் அந்த ஆளை வெளியே அனுப்பலாம் என்று கணக்குப் போடும் முதலாளியிடம் எனக்குக் கடுமையான மாற்றுக் கருத்து உண்டு. சட்னி தீர்ந்ததைப் பார்த்துக் கேட்காமலே கொண்டுவந்து ஊற்றுவதும், குழந்தைக்குக் காரம் குறைவாகச் செய்யச் சொல்லட்டுமா என்று கேட்பதும் எந்தத் திரைக்கும் வராது. டிபன் கடைக்கு ஆள் திரும்பி வருவதே அதற்காகத்தான். திரை வாங்குவதற்கு முன்பே எல்லோரையும் உட்காரவைத்து, யாருக்கும் வேலை போகாது, இன்னார் இன்ன இடத்துக்கு மாறுவார் என்று பெயர் சொல்லித் தெளிவாகச் சொல்லிவிடுங்கள். டிப்ஸ் குறையுமே என்று அவர்கள் கேட்பார்கள். அதற்கும் பதிலோடு போங்கள்.

முதல் சில வாரம் திரைக்குப் பக்கத்தில் ஒருவர் நிற்கட்டும். வயதானவர் வந்து திரையையும் கல்லாவையும் மாறி மாறிப் பார்த்தால், "என்ன வேணும் சொல்லுங்கம்மா, நான் போட்டுத் தரேன்" என்று ஒரு வார்த்தை போதும். அழுத்தக் கற்றுக்கொடுக்கிறேன் என்று பசியோடு வந்தவருக்குப் பாடம் எடுக்க வேண்டாம். திரையின் முக்கியப் பொத்தான்கள் கீழ்ப்பாதியில் இருந்தால் சக்கர நாற்காலியில் வருபவருக்கும் பள்ளிப் பிள்ளைக்கும் கை எட்டும்.

இட்லி வாங்க ஆப் இறக்கச் சொல்லாதீர்கள், போன் நம்பரையும் கட்டாயமாக்காதீர்கள். பில் போட நம்பர் கேட்டு வற்புறுத்தக் கூடாது என்று மத்திய நுகர்வோர் துறையே 2023 மே மாதம் கடைகளுக்கு அறிவுறுத்தியது. அதே வருஷம் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் வந்துவிட்டது. நம்பர் வாங்கினால் எதற்கு என்று சொல்லி, அவர் சம்மதத்தோடு வாங்க வேண்டும். டோக்கன் எண்ணைப் பலகையில் காட்டினாலே வேலை முடிந்துவிடும்போது நம்பர் எதற்கு?

எட்டாவது படி: ஓடவிட்டுப் பாருங்கள்

திறப்பு விழாவுக்கு ஞாயிற்றுக்கிழமை காலையைத் தேர்ந்தெடுக்காதீர்கள். வார நாளில், மதியம் 3 மணிக்கு மேல் டீ, போண்டா, பஜ்ஜி நேரத்தில் தொடங்குங்கள். அது பழகியதும் இரவு டிபன், அப்புறம் வார நாள் காலை, கடைசியாகத்தான் ஞாயிறு. அதுவரை கல்லாவும் பழையபடி நடக்கட்டும், பிறகும் முழுதாக மூட வேண்டாம்.

முதல் மாதம் மென்பொருள் காட்டும் வண்ணப் படங்களில் மயங்காதீர்கள். ஆர்டர் விழுந்ததிலிருந்து தட்டு போகும்வரை ஆகும் நேரத்தைப் பண்டவாரியாகப் பாருங்கள். தோசை நேரம் மட்டும் ஏறுகிறதென்றால் உச்சவரம்பைக் குறையுங்கள், முடிந்தால் இன்னொரு கல் போடுங்கள். இன்னொரு திரை போட்டால் நிலைமை மோசமாகத்தான் ஆகும். திருப்பிக் கொடுத்த பணத்தைப் பாருங்கள். அதில் பெரும்பகுதி "தீர்ந்துவிட்டது" என்பதற்காகப் போயிருந்தால், வடை தீர்ந்ததும் பொத்தானை அணைக்க யாருக்கும் பொறுப்புக் கொடுக்கவில்லை என்று அர்த்தம்.

இரவு கடை மூடும்போது மூன்று தொகையை அருகருகே எழுதுங்கள்: மென்பொருள் காட்டும் மொத்த விற்பனை, வங்கிக் கணக்கில் வந்தது, கல்லாவில் இருக்கும் ரொக்கம். பின்னிரண்டையும் கூட்டினால் முதலாவது வர வேண்டும், திருப்பிக் கொடுத்ததையும் கழிவையும் சேர்த்துக்கொண்டு. வங்கிப் பணம் மறுநாள்தான் வரும் என்றால் அதற்கு ஒரு பத்தி தனியாகப் போடுங்கள். வித்தியாசம் 10 ரூபாயாக இருந்தாலும் எந்த டோக்கன் என்று அன்றிரவே கண்டுபிடித்துவிடுங்கள். காலையில் கல் சூடாகிவிட்டால் அதைத் தேட யாருக்கும் நேரம் இருக்காது.